பெரிய நாயைப் பயணக் கூண்டுக்குப் பழக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சின்ன நாய் என்றால் கடைசி நேரத்தில் தூக்கிக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். நல்ல முறை இல்லைதான், ஆனாலும் காரியம் நடந்துவிடும். 35 கிலோ லாப்ரடாரிடமோ 45 கிலோ ராட்வீலரிடமோ அது செல்லாது. கூண்டு வாசலில் நான்கு காலையும் விரித்து ஊன்றிக்கொண்டு நின்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் உள்ளே தள்ள முடியாது. எப்படியோ தள்ளிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அடுத்த முறை கூண்டைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பெரிய நாய் தானாக உள்ளே போக வேண்டும், வேறு வழி கிடையாது.

இன்னொன்று. கூடத்தில் வைத்த கூண்டுக்குள் நாய் படுத்துத் தூங்க ஆரம்பித்ததும் பலர் பழக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பயண நாளில் நாய் எதிர்கொள்வது பூட்டிய கதவு, ஆடும் தரை, இரைச்சல், முகம் தெரியாத ஆட்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாத பல மணி நேரம். வீட்டில் கூண்டுக்குள் குறட்டை விடும் நாய்க்கு இதில் எதுவுமே தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எப்போது தொடங்குவது

வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். குட்டி சீக்கிரம் பழகும். முன்பு எங்காவது அடைபட்டுக் கிடந்த நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய் என்றால் இன்னும் கூடுதலாக.

வெளிநாடு போகிற பலருக்கு இந்த அவகாசம் எப்படியும் கிடைக்கும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ பிரிட்டனுக்கோ நாயைக் கொண்டுபோக முதலில் 15 இலக்க மைக்ரோசிப், அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி, அது போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு என்று வரிசையாக இருக்கிறது. காகிதங்களுக்காகக் காத்திருக்கும் அந்த நான்கு மாதத்தைக் கூண்டுப் பழக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கையில் வந்த பிறகுதான் கூண்டு வாங்குவேன் என்று இருக்காதீர்கள்.

கூண்டின் அளவு

விமானத்தில் போகும் விலங்குகளுக்கான கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் விதி வைத்திருக்கிறது. காரில் போவதாக இருந்தாலும் அந்தக் கணக்கு நல்ல கணக்கு. நாயை நேராக நிற்க வைத்து நான்கு அளவு எடுங்கள்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், முன்னங்கால் முழங்கை மூட்டிலிருந்து தரை வரை உயரம், தோள்பட்டையின் அகலம், தலை உச்சி அல்லது நிமிர்ந்த காது நுனி (எது உயரமோ அது) வரை உயரம்.

கூண்டின் உள்நீளம் என்பது முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. உள்ளகலம் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உள்ளுயரம் நாலாவது அளவோடு விரிப்பின் கனமும் சேர்ந்தது. உதாரணமாக, நீளம் 90 செ.மீ., முழங்கை உயரம் 32, தோள் 26, தலை உயரம் 68 உள்ள ஒரு நாய்க்கு 106 நீளம், 52 அகலம், 68-க்கு மேல் விரிப்பு கனம் சேர்த்த உயரம் தேவை. பாக்ஸர், புல்மாஸ்டிஃப் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு எல்லாப் பக்கமும் 10 சதவீதம் கூட்ட வேண்டும். இந்த இனங்களைச் சில விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதே இல்லை. முதலில் அதை விசாரித்துவிடுங்கள்.

‘பெரிதாகவே வாங்கிவிடுவோம், தாராளமாக இருக்கட்டும்’ என்று சிலர் சொல்வார்கள். அளவுக்கு மீறிய கூண்டில் வண்டி பிரேக் போடும்போது நாய் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் மோதும். காசும் கூடும். சரக்காக அனுப்பும்போது நீள அகல உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வது வழக்கம். கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் கென்னல் ஏறத்தாழ 122 × 81 × 89 செ.மீ. இருக்கும். கணக்குப் போட்டால் 146 கிலோவைத் தாண்டுகிறது, உள்ளே இருப்பது 35 கிலோ நாய்தான் என்றாலும். அப்புறம் 737 ரக விமானத்தின் சரக்குக் கதவு மூன்றடி உயரம்கூட இல்லை. கிரேட் டேன் மாதிரி நாய்க்கு வேண்டிய கூண்டு அதற்குள் நுழையாது. எந்த ரக விமானம் என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

துணிக் கூண்டும் மடக்குகிற கம்பிக் கூண்டும் வீட்டுக்குச் சரி, விமானத்தின் சரக்குப் பகுதிக்கு ஆகாது. கெட்டியான பிளாஸ்டிக், கம்பிக் கதவு, நான்கு பக்கமும் காற்றுத் துளை, மேல் கீழ்ப் பாதிகளை இணைக்க உலோக போல்ட், இவ்வளவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்பை நம்பாதீர்கள். பெரிய நாய் உள்ளிருந்து தோளால் ஒரு முட்டு முட்டினால் தெறித்துவிடும். சக்கரம் இருந்தால் கழற்றும்படி ஆகட்டும்.

முதல் கட்டம்: அடிப்பாதி மட்டும்

பிளாஸ்டிக் கூண்டின் பெரிய வசதி, போல்ட்டைக் கழற்றினால் இரண்டாகப் பிரிந்துவிடும். மேல் பாதியையும் கதவையும் எடுத்துப் பரணில் போடுங்கள். அடிப்பாதி பார்க்க ஒரு தொட்டில் மாதிரிதான் இருக்கும். நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்தில், ஆட்கள் புழங்கும் கூடத்திலேயே அதை வையுங்கள். மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ வைத்தால் அங்கே போவதே தண்டனை ஆகிவிடும்.

பெரிய நாய் தயங்குவதற்குப் பாதிக் காரணம் தரை. கனமான உடம்பு ஏறியதும் பிளாஸ்டிக் ‘டக்’கென்று சத்தம் போட்டு வளையும், நகம் வழுக்கும். அடியில் ஒரு ரப்பர் பாய், அதன் மேல் பழைய போர்வை விரித்தால் சத்தமும் போகும், வழுக்கலும் போகும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற எலும்பு துருத்திய வேட்டை நாய்களுக்குப் போர்வை தடிமனாக இருக்கட்டும். முழங்கை உறுத்துகிற இடத்தில் அவை படுக்காது.

இனி நாயைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். அது பார்க்காத நேரத்தில் போர்வை மேல் அவித்த கோழி ஈரல் நான்கு துண்டு போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் நாள் கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு பின்வாங்கும். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே என்று நிற்பது பெரிய நாய்களின் வழக்கம். அதை அவசரப்படுத்தாமல், தீனியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் தள்ளிப் போடுங்கள். நான்கு காலும் உள்ளே வந்த பிறகு இரண்டு வேளைச் சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே மாற்றிவிடலாம்.

தீனி விஷயத்தில் நாய்க்கு நாய் வித்தியாசம். லாப்ரடாருக்கு பிஸ்கட் டப்பா மூடியின் சத்தமே போதும். ராஜபாளையத்திடம் அந்த வித்தை பலிக்காது, தனக்குத் தோன்றினால்தான் வரும். அந்த மாதிரி நாய்க்குச் சாப்பாட்டை விட ஆள்தான் முக்கியம். நீங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் அதுவும் வந்து படுக்கும். நீங்கள் உடுத்திய பழைய கைலி ஒன்றைத் துவைக்காமல் உள்ளே போட்டு வையுங்கள்.

எதைத் தீனியாகக் கொடுத்தாலும் சாக்லேட், திராட்சை, வெங்காயம், வேகவைத்த எலும்பு இவற்றுக்கு இடமில்லை.

இரண்டாம் கட்டம்: கூரை, அப்புறம் கதவு

அடிப்பாதியில் நாய் தானாகப் போய்ப் படுக்கிறது என்றால் மேல் பாதியை மாட்டலாம். கதவு இன்னும் பரணிலேயே இருக்கட்டும். கூரை வந்ததும் நாய்க்கு அது புது இடம், இரண்டு மூன்று நாள் பழையபடி தயங்கும். ஈரல் துண்டு வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள், இந்த முறை சீக்கிரம் முடியும்.

இந்தக் கட்டத்தில் ஒரு சொல்லையும் சேர்த்துவிடுங்கள். ‘உள்ளே’, ‘பெட்டி’, எதுவானாலும் சரி, வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நாய் உள்ளே போகும் அந்த நொடியில் சொல்லித் தீனி கொடுங்கள். சில நாளில் சொல்லைக் கேட்டதும் போகும். இந்தச் சொல் பின்னால் விமான நிலையத்தில் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

கதவை மாட்டியதும் முதலில் சாத்தாதீர்கள், கயிற்றால் பின்னுக்குக் கட்டிவிடுங்கள். தானாக ஆடி வந்து நாயின் இடுப்பில் இடித்தால் ஒரு வார வேலை போய்விடும். அப்புறம் சாப்பிடும்போது சாத்துங்கள், தட்டு காலியாகும் முன்பே திறந்துவிடுங்கள். அடுத்த நாள் தட்டு காலியான பின் சில நொடி. அதற்கடுத்து ஒரு நிமிடம். கதவைச் சாத்துவதும் தாழ் போடுவதும் நாய்க்கு வேறு வேறு. தாழ் விழும் ஓசையைத் தனியாகப் பழக்க வேண்டும்.

நேரத்தைக் கூட்டுவது

ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குப் போக உதவுவது மெல்லுகிற பொருள். நடுவில் ஓட்டை உள்ள கெட்டியான ரப்பர் பொம்மைக்குள் தயிர் சாதத்தையோ கோழிக் கறியையோ அடைத்து இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அதை நக்கி எடுக்க நாய்க்கு நேரம் பிடிக்கும், நக்குவதே அதை அமைதிப்படுத்தும். நன்றாக ஓடி விளையாடிக் களைத்த பிறகு இதைச் செய்யுங்கள். தெம்போடு இருக்கும் நாயை அடைத்துவைத்துப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

நேரத்தை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். ஒரு நாள் இருபது நிமிடம், மறுநாள் ஐந்து, அதற்கு மறுநாள் நாற்பது என்று மாறி மாறி இருந்தால் ‘நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறதே’ என்ற பதற்றம் நாய்க்கு வராது. முதலில் நீங்கள் அதே அறையில், அப்புறம் அடுத்த அறையில், அப்புறம் கடைக்குப் போய்வரும் நேரம். இரவுத் தூக்கத்தைக் கூண்டுக்கு மாற்றிவிட்டால் மணிக்கணக்கு தானாகச் சேரும். முதல் சில இரவு உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே கூண்டு இருக்கட்டும்.

முனகினால் என்ன செய்வது? ‘திறக்கவே கூடாது, அழுது ஓயட்டும்’ என்பது ஊரெல்லாம் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. சும்மா ஒரு முனகல், ஒரு குரைப்பு என்றால் காத்திருங்கள், அடங்கிய நொடியில் திறங்கள். ஆனால் எச்சில் ஒழுக மூச்சிரைப்பது, கம்பியைக் கடிப்பது, தரையைப் பிறாண்டுவது, கண்ணில் வெள்ளை தெரிய முழிப்பது எல்லாம் பயம். பயந்த நாய் ஓய்ந்து படுத்தால் அது பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. உடனே திறந்துவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள். அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது இவையும் சங்கடத்தின் அடையாளம். பயம் வெடிப்பதற்கு முன்பே இவற்றைக் கவனித்துவிட்டால் நல்லது.

ஈறில் ரத்தம் வர, நகம் பெயரக் கம்பியோடு மல்லுக்கட்டும் நாய்கள் உண்டு. தனிமையே ஒத்துக்கொள்ளாத நாய்கள் அவை. அந்த மாதிரி நாயை இந்த வழிகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பழக்கப் பார்க்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மூன்றாம் கட்டம்: ஆடும் கூண்டு

தரையில் அசையாமல் இருந்த கூண்டு ஒரு நாள் திடீரென்று அந்தரத்தில் தூக்கப்பட்டால் எந்த நாயும் மிரளும். முதலில் நாய் உள்ளே இருக்கும்போது ஒரு பக்கத்தை இரண்டு விரற்கடை தூக்கி இறக்கித் தீனி கொடுங்கள். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாண் தூக்கி இறக்குங்கள். நாயும் கூண்டும் சேர்ந்து 45 கிலோவைத் தாண்டும், முதுகைப் பார்த்துக்கொண்டு முழங்காலை மடக்கித் தூக்குங்கள். ஒரு தள்ளுவண்டி கிடைத்தால் அதில் ஏற்றி வாசலில் மெதுவாக உருட்டலாம். விமான நிலையத்தில் கூண்டு பெரும்பாலும் உருண்டுதான் போகும், அதனால் இந்தப் பயிற்சி நேரடியாகவே பயன்படும்.

அடுத்தது வண்டி. பெரிய கூண்டு சின்னக் காரில் ஏறாது. பின் இருக்கையை மடக்கிய இன்னோவா மாதிரி வண்டியோ ‘குட்டி யானை’யோ வேண்டும். கூண்டை நாலு பக்கமும் நகராமல் கட்டுங்கள். திறந்த வண்டி என்றால் அதிகாலையில் மட்டும், நிழல் படுதாவோடு. முதல் நாள் எஞ்சினை ஓட விட்டு நின்ற இடத்திலேயே இருங்கள். மறுநாள் தெருமுனை வரை. அப்புறம் பத்து நிமிடம், முடியும் இடம் கடற்கரையோ தோப்போ நாய்க்குப் பிடித்த ஏதோ ஓரிடமாக இருக்கட்டும். ஒவ்வொரு பயணமும் ஊசி போடும் ஆஸ்பத்திரியில் முடிந்தால் நாய் கணக்குப் போட்டுவிடும். வாந்தி எடுத்தால் வெறும் வயிற்றோடு, குறைந்த தூரத்தில் மறுபடி ஆரம்பியுங்கள்.

சத்தத்துக்கு ரயில்வே கேட், பஸ் நிலையம், லாரி ஷெட் இருக்கவே இருக்கின்றன. நாய் தீனி எடுத்துக்கொள்ளும் தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே போங்கள். பக்கத்தில் போனதும் ஈரலைக்கூட மறுக்கிறது என்றால் அன்றைக்கு அது தாங்கும் எல்லை அவ்வளவுதான்.

நான்காம் கட்டம்: அறிமுகமில்லாத ஆள், அறிமுகமில்லாத இடம்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காக நாயைக் கூண்டிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வது வழக்கம். வெற்றுக் கூண்டைச் சோதித்த பின், வாகனமும் கூச்சலும் நிறைந்த அந்த இடத்தில் நாய் மறுபடி உள்ளே போக வேண்டும். வீட்டில் மட்டும் பழகிய நாய் அங்கேதான் நாலு காலையும் ஊன்றி நிற்கும்.

அதனால் கூண்டை நண்பர் வீட்டுக்கு, அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு, மைதானத்துக்கு எடுத்துப் போய் ‘உள்ளே’ சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு புது இடத்திலும் முதல் முறை கொஞ்சம் தயக்கம் இருக்கும். அப்புறம் சொல்லை வேறு ஆள் சொல்லட்டும்: பக்கத்து வீட்டு அண்ணன், வாட்ச்மேன், நாய்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு சித்தப்பா. அவர்கள் கையால் கம்பி வழியே தீனி கொடுக்கட்டும். கூண்டைத் தொட்டு நகர்த்தட்டும். நீங்கள் அங்கே இருக்கக்கூடாது.

கழுத்துப் பட்டை உருவாத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும், இரண்டு விரல் நுழைந்தால் சரி. வேட்டை நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன், சாதாரணப் பட்டையிலிருந்து நொடியில் தலையை உருவிக்கொள்ளும். அவற்றுக்கு இழுத்தால் ஓரளவு இறுகும் பட்டை வாங்குங்கள், ஆனால் கூண்டுக்குள் விடும்போது அதைக் கழற்றிவிடுங்கள். சங்கிலி, ஹார்னஸ், லீஷ் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, கம்பியில் மாட்டிக்கொள்ளும். லீஷைக் கூண்டின் மேல் டேப் போட்டு ஒட்டிவிடலாம்.

ரயில் என்றால்

ரயிலில் பெரிய நாய்க்கு முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுவதும் உங்களுக்கே கிடைத்தால்தான் உங்களோடு வரலாம். பார்சல் அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் டாக் பாக்ஸ் என்ற சின்னக் கூண்டுதான். கிரேட் டேனை அதற்குள் கற்பனை செய்து பார்த்தாலே விடை தெரிந்துவிடும். கேபினில் நடுவே இருக்கும் இடத்தில் பெரிய பிளாஸ்டிக் கூண்டு அடங்காது. ஆனால் கூண்டில் விரித்துப் பழகிய அதே போர்வையைத் தரையில் போட்டால் நாய் அதன் மேல் படுத்துக்கொள்ளும்.

கடைசி வாரமும் பயண நாளும்

பயணம் எட்டு மணி நேரம் என்றால் அதற்கு முந்தைய வாரமே ஒருநாள் இரவு எட்டு மணி நேரம் பூட்டிய கூண்டில் நாய் தூங்கியிருக்க வேண்டும். புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க இது நேரமில்லை.

சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள், வேறு வழி இல்லை என்றால் இரவு விமானம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. காற்றோட்டம் இல்லாத சூட்டில் பெரிய உடம்பு சீக்கிரம் தோற்றுவிடும். வெயிலில் நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு பாதிக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறையும், கூண்டு சாய்ந்தால் காலை ஊன்றி நிற்க முடியாது. மயக்கமடைந்த நாயைப் பல நிறுவனங்கள் ஏற்கவும் செய்யாது. டாக்டரே பதற்றத்தைக் குறைக்க ஏதாவது எழுதிக் கொடுத்தால் அதை முன்கூட்டியே வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள், விமான நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் நாள் சில மணி நேரம் முன்பே லேசான சாப்பாடு. டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போல நெஞ்சுக் கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். கதவில் மாட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே நீரோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டால், ஏற்றும்போது கொட்டாமல் மெல்ல உருகும். பெயர், தொலைபேசி எண், ‘உயிருள்ள விலங்கு’ சீட்டு, மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி, இவற்றைக் கூண்டில் ஒட்டுங்கள். நாயின் சமீபத்திய புகைப்படம் உங்கள் போனில் இருக்கட்டும். சென்னையிலிருந்து வெளிநாடு என்றால் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்று இல்லாமல் கிளம்ப முடியாது, அதற்கான தேதியைக் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள்.

நல்ல நீண்ட நடை, சிறுநீர், மலம் முடிந்த பிறகு கூண்டு. ஒப்படைக்கும் இடத்தில் கட்டிப்பிடித்து அழுவதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பதற்றம் நாய்க்கு உடனே தெரியும். ‘உள்ளே’ சொல்லி, தாழ் போட்டு, சாதாரணமாக நகர்ந்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

வழியிலேயே கூண்டைத் திறக்காதீர்கள். மிரண்ட நாய் தெரியாத ஊரில் ஒரு பாய்ச்சலில் காணாமல் போய்விடும். மூடிய அறையில் கையை மட்டும் உள்ளே விட்டு லீஷை மாட்டிய பிறகே கதவை முழுதாகத் திறங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாடு ஓரிரு மணி நேரம் கழித்து, வழக்கத்தில் பாதி. ஒரு நாள் முழுக்கத் தூங்கினாலும் கவலைப்பட வேண்டாம். ஆனால் தொடர்ந்து மூச்சிரைப்பு, வயிறு வீக்கம், எதுவும் வெளியே வராத குமட்டல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

கூண்டைப் புது வீட்டில் மூலையில் திறந்தபடியே வைத்துவிடுங்கள். அந்த வீட்டில் நாய்க்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான், முதல் சில வாரம் அங்கேதான் போய்ப் படுக்கும். திரும்பி வரும் பயணம் இருக்கிறதென்றால் வாரத்தில் ஓரிரு வேளைச் சாப்பாட்டையாவது கூண்டுக்குள் வைத்துத் தாழ் போட்டுத் திறப்பதைத் தொடருங்கள்.